ஐந்தரைச் சுற்று

பாப்பா,

போன வாரம் நீ போனில் சொன்னதைக் கேட்டு "சரிம்மா, உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கல்யாணமாகி நீ சென்னைக்குப் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அங்கே ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் பெண்கள் பக்கம் முழுவதையும் படமெடுக்க உன்னைத் தேடி வந்து கூப்பிட்டிருக்கிறார்கள், நீ முடியாது என்றுவிட்டாய். "மணிக்கட்டு தாங்கலப்பா. ஆறு மணி நேரம் கையிலயே கேமராவைப் புடிக்க முடியல. இந்த வேலையே வேணாம்னு பாக்கறேன்" என்றாய். மோனோபாட் வைத்துக்கொள்ளேன் என்று நான் மெல்ல இழுத்ததும், "அய்யோ, அந்தக் கம்பு வேணாம். எனக்கு ஒரு ஸ்க்ரூவைக்கூட ஒழுங்கா முறுக்கத் தெரியாதுன்னு உனக்கே தெரியுமே" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்றாள். நானே எழுதுகிறேன் என்றேன். போனில் சொன்னால் பாதியிலேயே எனக்குக் கோபம் வந்து உன்னையே திட்டி முடித்துவிடுவேன். என் வாய் உனக்குத் தெரியாததா.

நம் ஆம்பூரில் நான் முப்பது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். அதில் பாதிக்கு மேல் பாய் வீட்டுக் கல்யாணங்கள். மண்டபத்துக்கு நடுவே திரை கட்டியிருப்பார்கள். ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம். நான் எடுத்ததெல்லாம் இந்தப் பக்கம்தான். தொப்பி போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள், நிக்கா புத்தகத்தில் கையெழுத்துப் போடும் மாப்பிள்ளை, ஒரே பிரியாணித் தாம்பாளத்தைச் சுற்றி ஆறு பேர். முகம் மாறுமே தவிர படம் மாறாது. அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் மட்டும் வரும். என்ன சிரிப்பு, என்ன பாட்டு, என்ன கைதட்டல்! கல்யாணமே அங்கேதான் நடக்கிறது, நான் வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கிறேன் என்று தோன்றும். அந்தத் திரைக்கு நான் பழகிப்போயிருந்தேன். எந்த ஆணும் போக முடியாத இடம், அதனால் அதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு நீ போனாய். காலேஜ் முடித்து வீட்டில் இருந்த உன்னை நம் தெரு பர்வீன் அக்காதான் பிடித்துக்கொண்டாள். அவள் மகள் கல்யாணம். "அண்ணே, உங்க பொண்ணு கேமரா புடிக்குமாமே. லேடீஸ் சைடுக்கு அத அனுப்புங்க. எங்க ஊட்டுப் பொம்பளைங்கள ஒரு பொண்ணு எடுத்தா யாரும் இன்னா சொல்லப் போறாங்க?" என்றாள். என் இரண்டாவது கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நீ திரையை ஒதுக்கி உள்ளே போனது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சத்தியமாக இருந்தது. ஆனால் திரை மறுபடி விழுந்ததும் மனசு கணக்குப் போட்டது. அத்தனை வருடம் வாசலில் நின்றவன் நான். நீ அரை நிமிடத்தில் உள்ளே போய்விட்டாய், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு சாயந்திரம் உன் படங்களைப் பார்க்க நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நீ கம்ப்யூட்டரை மறைத்துக்கொண்டு நின்றாய். "அப்பா, நீ பாக்கக் கூடாதாம். நானே பாத்து, நானே ஆல்பம் போடணும்னு சொல்லித்தான் ஒத்துக்கிட்டாங்க" என்றாய். நியாயம்தான். அவர்கள் வீட்டு வழக்கம், அவர்கள் முகம், உன் வாக்கு. ஆனால் அது என் ஸ்டூடியோ, என் கம்ப்யூட்டர், நான் வாங்கிய லென்ஸ். அதில் என் மகள் ஒரு ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கிறாள்! அந்தச் சின்ன மஞ்சள் ஃபோல்டரை எத்தனை நாள் உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் தெரியுமா? ஒருநாள் உன் பிறந்த தேதியைப் போட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அதற்கப்புறம் வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வேலூர் என்று எல்லா ஊரிலிருந்தும் போன் உனக்குத்தான் வந்தது. ஆல்பம் கொடுக்கப் போகிற வீடுகளில் என் ஆல்பத்தை மரியாதைக்குப் புரட்டுவார்கள். உன்னுடையதை உள் ரூமுக்கு எடுத்துப் போவார்கள். உள்ளேயிருந்து "அய்யோ, அம்மாவப் பாருடி!" என்று ஒரு குரல் கேட்கும், அப்புறம் யாரோ மூக்கை உறிஞ்சுவார்கள். நான் கூடத்தில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் படத்தைப் பார்த்து ஒருத்தரும் மூக்கை உறிஞ்சியதில்லை. ஒரு வீட்டில் பெரியவர் என்னைத் தன் தம்பியிடம், "இவரு யாருன்னு தெரியலியா? போட்டோ எடுக்குதே நித்யா, அந்தப் பொண்ணோட அப்பா" என்று அறிமுகம் செய்தார். அவர் நிக்காவை எடுத்தவனே நான்தான் அம்மா. வழியெல்லாம் வண்டியில் உன்னோடு பேசாமல் வந்தேன். "இன்னாப்பா, தலைவலியா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெண்கள் பக்கத்தில் மூன்று கால் ஸ்டாண்டு வைக்க இடம் கிடையாது, குழந்தைகள் தட்டிவிடுவார்கள். கையிலேயே பிடித்துப் பிடித்து உன் மணிக்கட்டு வீங்க ஆரம்பித்தது. ஒற்றைக் கம்பாக ஊன்றிக்கொள்ள மோனோபாட் ஒன்றை நீயே வாங்கினாய். அது கேமராவை மாட்டும் தலை, அதாவது ஹெட், இல்லாமல் வந்தது. மேலே ஒரு வட்டத் தட்டும் அதன் நடுவில் ஒரு தடித்த ஸ்க்ரூவும் மட்டும் இருந்தன. அதற்கு ஹெட் வாங்க நாம் இரண்டு பேரும் வேலூருக்கு பஸ் ஏறினோம். பந்து மாதிரி உருளும் பால் ஹெட் வாங்கு, எந்தப் பக்கமும் திரும்பும், அதுதான் தொழில்காரன் வைத்திருப்பது என்று நான் பள்ளிகொண்டா தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். நீ சொன்னாய்: "கம்பே சுத்துதுப்பா. சாய்க்கணும்னா கம்பையே சாய்ச்சுக்கலாம். மேல கீழ பாக்கறதுக்கு மட்டும்தான் ஹெட் வேணும். பால் ஹெட்டு லூஸ் பண்ணா கேமரா எந்தப் பக்கம் கவுறும்னே தெரியாது. வெயிட்டும் ஜாஸ்தி. டில்ட் ஹெட் போதும்." கடைக்காரர் என் பழக்கம், என்னைவிட இரண்டு வயது சின்னவர். நான் கேட்ட பால் ஹெட்டையும் நீ கேட்ட டில்ட் ஹெட்டையும் கண்ணாடி மேல் வைத்தார். உன் பெரிய லென்ஸை மாட்டி இரண்டிலும் சாய்த்துக் காட்டினார். பால் ஹெட் தொப்பென்று ஒரு பக்கமாகத் தலையைத் தொங்கப் போட்டது. "பாப்பா சொல்றதுதான் சார் கரெக்டு. ஒத்தக் கம்புக்கு இதான்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, உன்னைப் பார்த்துச் சொன்னார். வரும்போது நீ ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்த ஹெட்டை மடியில் வைத்து மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே வந்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் "குடு, நான் மாட்டித் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டேன். உனக்கே மாட்டத் தெரியும். ஆனாலும் கொடுத்தாய். நான் ஆசைப்படுகிறேன் என்று நினைத்திருப்பாய். தட்டின் மேல் வைத்துத் திருகினேன். ஐந்தரைச் சுற்று போய், இரும்பும் இரும்பும் ஒட்டி, கெட்டியாக நின்றது. அவ்வளவுதான் வேலை, முடிந்துவிட்டது. ஆனால் ஹெட்டின் கைப்பிடி, கம்பில் இருக்கும், கையில் மாட்டிக்கொள்ளும் வார்ப்பட்டைக்கு நேராக வந்து நின்றது. அது ஒரு குறையே இல்லை, பட்டையைச் சற்று நகர்த்தினால் சரியாகியிருக்கும். நான் அதைக் குறையாக்கினேன். "பாத்தியா, உன் டில்ட் ஹெட்டு லட்சணத்த" என்றேன். நம் ஊரில் எது ஆடினாலும், எது கோணினாலும், ஒரு தோல் துண்டை நறுக்கி இடையில் வைத்து முறுக்குவதுதான் வைத்தியம். மிக்ஸி மூடி முதல் சைக்கிள் சீட்டு வரை அப்படித்தான் செய்திருக்கிறோம். உன் அம்மா ஷூ கம்பெனியிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த கழிவில், அடிப்பகுதிக்கு வைக்கும் தடித்த தோல் ஒன்றை எடுத்து, வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு இடையில் வைத்தேன். கைப்பிடி அழகாக வலது பக்கம் வந்து நின்றது.

ஆனால் ஹெட் இரண்டு சுற்றும் சொச்சமும்தான் போனது பாப்பா. ஸ்க்ரூவின் நீளத்தில் பாதிக்கு மேல் அந்தத் தோலே தின்றுவிட்டது. பாக்கி இருந்த கொஞ்சநஞ்சத்தில்தான் உன் கேமராவும் லென்ஸும் நிற்க வேண்டும். போதாததற்கு, தோல் அழுத்தினால் அமுங்கும், மண்டபப் புழுக்கத்தில் ஈரம் குடிக்கும். அமுங்கினால் ஸ்க்ரூ தளரும். எனக்கு இது தெரியாதா? தோல் தொழில் ஊரில் பிறந்து வளர்ந்தவன், ஸ்க்ரூவோடு முப்பது வருடம் குப்பை கொட்டியவன். என் விரலுக்கு அந்த நிமிடமே தெரிந்தது. கழற்றப் போனேன். அப்போது நீ உள்ளே பர்வீன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய். "அப்பாவா? அவருக்கு இன்னா, ஆம்பள சைடுதானே, நின்ன எடத்துல நின்னு எடுத்துட்டு வந்துருவாரு" என்று சொல்லிச் சிரித்தாய். நீ தப்பாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாய். நான் கையை எடுத்துவிட்டேன். "ஆச்சு, எடுத்துக்கோ" என்று குரல் கொடுத்தேன்.

கேமரா விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் அது நிஜம். கொஞ்சம் ஆட வேண்டும் என்று நினைத்தேன். ஆடினால் நீ வந்து, "அப்பா, நீ சொன்னதுதாம்பா சரி, பால் ஹெட்டே வாங்கியிருக்கலாம்" என்று சொல்வாய், நான் பெரிய மனசோடு "பரவால்ல விடு" என்பேன். இதற்காகத்தான். ஒரே ஒரு தடவை நீ என்னிடம் வந்து கேட்க வேண்டும் என்பதற்காக.

மறுநாள் வாணியம்பாடிக் கல்யாணம். நான் திரைக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளைக்கு மாலை போடுவதை எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு சத்தம். பாத்திரம் விழுந்த சத்தம் இல்லை. கண்ணாடியும் இரும்பும் சேர்ந்து தரையில் விழும் சத்தம். பாட்டு நின்றது. என்ன விழுந்தது என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஓடிப் போய்த் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போக முடியாது. "பாப்பா!" என்று கத்தினேன். பதில் வரவில்லை. அந்தத் துணியைக் கையில் பிடித்தபடி நான் நின்ற நேரம் எவ்வளவோ தெரியாது. என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரம் இல்லை.

நீ துப்பட்டாவில் கேமராவைச் சுற்றிக்கொண்டு, இன்னொரு கையில் கம்போடு நொண்டிக்கொண்டு வந்தாய். கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்திருந்தது. முகம் வெளுத்துப் போயிருந்தது. "அப்பா, நான்தான் சரியா முறுக்கல போல. வர்றப்போ பையில வெக்கறதுக்காகக் கழட்டி மாட்டினேன்" என்றாய். இடையில் தோல் இருந்ததைப் பார்த்தும், அப்பா வைத்தது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அப்படியே முறுக்கியிருக்கிறாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். "ஒரு ஸ்க்ரூவ முறுக்கத் துப்பில்ல, உனக்கெல்லாம் எதுக்கு இந்தப் பொழப்பு?" என்று அத்தனை ஆம்பிளைகள் முன்னால் உன்னைத் திட்டினேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். கம்பை வாங்குவது போல வாங்கி, அதன் ஸ்க்ரூவில் தங்கியிருந்த அந்தத் தோல் வளையத்தை மட்டும் உருவி என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நீ பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் எடுத்தேன்.

கேமரா விழுந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, ஜமுக்காளத்தில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது என்பதை நீ என்னிடம் சொல்லவில்லை. உன் அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறாய். காலை நீட்டிக் கேமராவைத் தடுத்ததால்தான் அது அந்தப் பக்கம் உருளவில்லை என்று அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்த பர்வீன் அக்கா பிறகு எனக்குப் போன் செய்து சொன்னாள். "உங்க பொண்ணு தங்கம் அண்ணே. தன் காலப் பாக்கல, கொழந்தயத்தான் பாத்துச்சு" என்றாள். நான் போனை வைத்துவிட்டுப் பாத்ரூமில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து நீ அந்தக் கம்பைத் தொடவில்லை. மூன்று வருடம் கையிலேயே பிடித்து எடுத்தாய். மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுக்கொண்டாய், தைலம் தேய்த்துக்கொண்டாய். கேஸ் அடுப்பை அணைத்தால்கூட மூன்று தடவை திருகிப் பார்ப்பாய். "எங்கைய நம்ப முடியாதும்மா" என்று நீ உன் அம்மாவிடம் சொல்வதைக் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன் கல்யாணத்துக்கு வீட்டை ஒழித்தபோது என் மேஜை டிராயரில் அந்தத் தோல் வளையம் உன் அம்மா கையில் கிடைத்தது. ஷூ கம்பெனியில் இருபது வருடம் இருந்தவள். அதில் பதிந்திருந்த ஸ்க்ரூத் தடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "இன்னாங்க... பெத்த பொண்ணு மேலயேவா இவ்ளோ வயித்தெரிச்சல்?" என்றாள். கத்தியிருந்தால்கூட நான் திருப்பிக் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை.  உன் கல்யாணம் முடியட்டும், சொல்லிவிடுகிறேன் என்றேன். முடிந்தது. அப்புறம் நீ ஊருக்குப் போய்ச் சேரட்டும் என்றேன். சேர்ந்தாய். இனி சொல்ல ஒரு சாக்கும் இல்லை.

ஆகவே சொல்கிறேன். நீ சரியாகத்தான் முறுக்கினாய். முறுக்குவதற்கு நான் இடமே வைக்கவில்லை. உன் கையில் ஒரு கோளாறும் இல்லை, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு என்மேல் எவ்வளவு கோபப்பட வேண்டுமோ பட்டுக்கொள். என்னோடு பேசாமல் இருக்க வேண்டுமென்றால் இரு. ஆனால் அந்தக் கல்யாணத்தை விட்டுவிடாதே. அவர்கள் வேறு ஆளைப் பிடிப்பதற்குள் போன் செய். மணிக்கட்டை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு, தள்ளிப் போடாதே. பெரியவனாக ஒரு புத்தியும் சொல்கிறேன், சொல்ல எனக்கு யோக்கியதை இல்லாவிட்டாலும். யாரையாவது பார்த்து உனக்கு வயிறு எரிந்தால், அது உன் புருஷனாக இருந்தாலும் சரி, நாளைக்கு உன் பிள்ளையாகவே இருந்தாலும் சரி, எரிகிறது என்று அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடு. அசிங்கமாகத்தான் இருக்கும், சொல்லிவிடு. சொல்லாமல் வைத்துக்கொண்டால் அது கைக்கு வந்துவிடுகிறது.

பார்சலில் உன் மோனோபாட் இருக்கிறது. பீரோவுக்குப் பின்னால் கிடந்ததை எடுத்துத் துடைத்திருக்கிறேன். விழுந்த ஹெட்டின் கைப்பிடி வளைந்துவிட்டதால் வேலூருக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கினேன். டில்ட் ஹெட்தான். கடைக்காரர் "பாப்பாவுக்கா சார்?" என்றார், ஆமாம் என்றேன். உன் கேமராவும் பெரிய லென்ஸும் சேர்ந்து எவ்வளவு எடையோ, அதைப் போல இரண்டு பங்கு தாங்குவதாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். நான் மாட்டவில்லை. கம்பு தனியாக, ஹெட் தனியாகத்தான் வருகிறது. மாப்பிள்ளையையும் மாட்டச் சொல்லாதே. தட்டைத் துணியால் துடைத்துக்கொள், நடுவில் எதையும் வைக்காதே, பசையும் வேண்டாம். கைப்பிடியைப் பிடித்துத் திருகாதே, ஹெட்டின் அடிப்பாகத்தைப் பிடித்துத் திருகு. ஐந்தரைச் சுற்று வரும். வாய்விட்டு எண்ணு. கெட்டியாக நின்றதும் விட்டுவிடு. ஒரு தடவை போதும், மூன்று தடவை பார்க்காதே. அந்தத் தோல் வளையத்தையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். அது உன்னிடம்தான் இருக்க வேண்டும், என் டிராயரில் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கல்யாணத்தில், பெண்கள் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, ஆள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அங்கே நடுவில் கட்டியிருக்கும் திரையை உன் பக்கத்திலிருந்து ஒரு படம் எடு. வெறும் திரை போதும். முப்பது வருடமாக அது அந்தப் பக்கத்திலிருந்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பவனின் நிழல் அதில் விழுமா என்றும் தெரியாது. நீ நன்றாகத்தான் எடுத்திருப்பாய். பார்த்ததும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். பரவாயில்லை, அனுப்பு.

அப்பா